40 வயதில் தங்கம் வாங்கிய கை!

மேஜையின் நீளம் 9 அடி. அகலம் 5 அடி. நடுவில் அரை அடி உயரத்துக்கு ஒரு வலை.

பந்தின் எடை 3 கிராம்கூட இல்லை. ஊதினால் உருண்டு ஓடிவிடும்.

இந்தச் சின்னப் பந்தை வைத்துக்கொண்டு ஒருவர் 20 ஆண்டுக்கு மேல் உலகத்தைச் சுற்றி வந்தார். 5 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். காமன்வெல்த் விளையாட்டுகளில் மட்டும் 13 பதக்கம் வாங்கினார். அதில் தங்கம் 7!

அவர்தான் சரத் கமல். சென்னையைச் சேர்ந்த மேஜைப் பந்து வீரர். டேபிள் டென்னிஸ் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

சேலத்திலோ நாமக்கல்லிலோ பஸ் நிலையத்தில் நின்று "சரத் கமலைத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தப் படத்தில் நடித்தார்?" என்று திருப்பிக் கேட்கவும் கூடும்!

அதில் தப்பு ஒன்றும் இல்லை. நம் பக்கத்து ஜனங்கள் கொண்டாடும் வீரர்கள் வேறு.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். 5 வயதில் பஸ் ஏறி அவருடைய வலது கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்று வளர்த்தார். 2016-ல் ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் வெள்ளி. பாரிசில் வெண்கலம்.

சின்னப்பம்பட்டி நடராஜனையும் தெரியும். தறித் தொழிலாளியின் மகன். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அந்த ஒரே பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பினார்.

நம் பிள்ளைகளுக்குத் தெம்பு இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

ஆனால் மேஜைப் பந்து என்று வந்தால் சென்னைப் பெயர்களே காதில் விழுகின்றன. சந்திரசேகர், ராமன், சரத் கமல், அமல்ராஜ், சத்தியன்... எல்லோரும் சென்னை!

ஏன் அப்படி? சென்னைப் பிள்ளைக்கு மட்டும் இரண்டு வலது கையா இருக்கிறது?

சரத் கமலின் கதையைக் கேட்டால் காரணம் விளங்கும். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேஜைப் பந்தில் ஒரு ஆட்டக்காரனை உண்டாக்குகிறவன், மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மேஜை இருக்கிறது. அந்தப் பக்கம் நிற்கத்தான் ஆள் இல்லை.

வீட்டிலேயே வாத்தியார்

சரத் கமல் 1982-ம் ஆண்டு ஜூலை 12-ந்தேதி பிறந்தவர். தகப்பனார் சீனிவாச ராவ். குடும்பத்துப் பெரியவர் முரளிதர ராவ். இருவரும் மேஜைப் பந்துப் பயிற்சியாளர்கள்.

மற்றப் பிள்ளைகள் சிலேட்டைப் பிடிக்கிற வயதில் இவர் மட்டையைப் பிடித்தார். எதிரே நிற்க வீட்டிலேயே ஆள் இருந்தது. தம்பி ரஜத் கமலும் ஆட வந்துவிட்டார்.

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. எடப்பாடியில் தறிக்காரர் வீட்டுப் பையனுக்குத் தறி ஓட்ட யாரும் வகுப்பு எடுப்பதில்லை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரர் மகனுக்குப் போர் போடுவது எப்படி என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. பார்த்துப் பார்த்துக் கை தானாகப் பழகிவிடுகிறது.

சரத் கமலுக்கும் அப்படித்தான். ஆனால் வீட்டு வாத்தியார் ஒரு மட்டம் வரைக்கும்தான் கொண்டுபோய் விடுவார். அதற்கு மேல் போக வேறு ஆள் வேண்டும்.

2003-ல் முதல் தடவையாக இந்திய சாம்பியன் ஆனார். அதன் பிறகு அந்தப் பட்டம் அவருக்குச் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. கமலேஷ் மேத்தா என்ற பெரிய ஆட்டக்காரர் 8 தடவை இந்திய சாம்பியனாக இருந்தவர். அந்தச் சாதனையை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தார்கள். சரத் கமல் 10 தடவை ஜெயித்தார்!

வலது கைப் பேய் அடி

அவர் எப்படி ஆடுவார்?

ஆள் 6 அடிக்கு மேல் உயரம். வலது கைக்காரர். மட்டையைப் பிடிப்பது கை குலுக்குவது போல. சீனாவிலும் ஜப்பானிலும் சிலர் பேனாவைப் பிடிப்பது போலப் பிடிப்பார்கள். சரத் கமல் பிடிப்பது நம் ஊர்ப் பையன்கள் எல்லோரும் பிடிக்கிற பிடிதான்.

அவருடைய ஆயுதம், வலப்பக்கத்தில் இருந்து சுழற்றி அடிக்கிற அடி.

பந்தை நேராக மோதி அடித்தால் அது மேஜையைத் தாண்டி வெளியே போய்விடும். 9 அடி மேஜையில் எவ்வளவு வேகமாகத்தான் அடிக்க முடியும்? அதனால் பந்தை மோதாமல் உராய்கிறார்கள். மட்டையைக் கீழே இருந்து மேலே இழுத்துப் பந்தின் மேல் தோலைச் சீவுகிற மாதிரி அடிக்கிறார்கள். பந்து பம்பரம் போல முன்பக்கமாகச் சுழலும்.

அப்படிச் சுழலுகிற பந்தைக் காற்று கீழே அமுக்கும். வெளியே போகவேண்டிய பந்து திடீரென்று தலை குனிந்து மேஜையில் விழும். விழுந்ததும் எகிறிப் பாயும். எதிரி மட்டையைக் கொண்டுபோவதற்குள் பந்து அவர் தோளைத் தாண்டிவிடும்.

சரத் கமல் இந்த அடியைக் கையால் மட்டும் அடிப்பதில்லை. வலது காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, உடம்பு முழுவதையும் பந்தின் மேல் போடுவார். லாரிக்கு டயர் மாட்டுகிறவர் இரும்பு நெம்புகோலைப் போடும்போது பாருங்கள். வேலை செய்வது அவருடைய கையா? முதுகும் காலும்தான் வேலை செய்கின்றன. அதே சங்கதிதான் இது.

2006-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. ஒற்றையர் இறுதிப் போட்டியில் இவருக்கு எதிரி ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஹென்சல். அவர்கள் நாடு, அவர்கள் கூட்டம், அவர்கள் கூச்சல். ஆட்டம் ஏழாவது செட் வரை போயிற்று. சரத் கமல் 4-3 என்று ஜெயித்தார். கோஷ்டிப் பந்தயத்திலும் தங்கம். அப்போது அவருக்கு 23 வயது.

2010-ல் எகிப்து நாட்டுப் பந்தயத்திலும் ஜெயித்தார். உலக அளவில் நடக்கும் அந்தத் தொடரில் ஒற்றையர் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் அவரே.

இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம்.

பந்து மாறியது, கணக்கு மாறியது

மேஜைப் பந்து அடிக்கடி தன் சட்டத்தை மாற்றிக்கொள்ளும் விளையாட்டு.

1952-ல் பம்பாயில் உலகப் போட்டி நடந்தது. ஜப்பானில் இருந்து ஹிரோஜி சாத்தோ என்று ஒருவர் வந்தார். மெல்லிய ஆள். மூக்குக் கண்ணாடி போட்டவர். மற்றவர்களுடைய மட்டையில் புள்ளி வைத்த ரப்பர்தான் இருந்தது. இவர் மட்டையில் தடியான ஸ்பாஞ்சு! மட்டையில் பந்து பட்டால் சத்தமே இல்லை. சத்தத்தைக் கேட்டு ஆடிப் பழகிய பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் திணறிப் போனார்கள். சாத்தோ உலக சாம்பியன் ஆகிவிட்டார். அன்றைக்கு நம் நாட்டு மண்ணில் அந்த விளையாட்டே தலைகீழாக மாறியது.

சரத் கமல் காலத்திலும் மாற்றத்துக்குக் குறைவில்லை.

2000-ல் பந்தைப் பெரிதாக்கினார்கள். 38 மில்லிமீட்டர் 40 ஆயிற்று. 2001-ல் 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளி ஆட்டம் ஆயிற்று. 2002-ல், பந்தைக் கையால் மறைத்துச் சர்வீஸ் போடக்கூடாது என்று சட்டம் வந்தது. முன்பு ஆட்டத்துக்குச் சற்று முன்னால் மட்டையில் ஒரு பசையைத் தடவுவார்கள். அது ரப்பருக்கு வில் போன்ற துள்ளலைக் கொடுக்கும். பசையின் நெடி உடம்புக்கு ஆகாது என்று 2008-ல் அதையும் தடுத்துவிட்டார்கள். 2014-ல் பழைய செல்லுலாயிட் பந்து போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்தது.

பிளாஸ்டிக் பந்து பழைய பந்தைப் போல அவ்வளவு சுழலாது. சுழற்சியை நம்பி ஆடியவர்களுக்கு இது பெரிய அடி. வலது கைப் பேய் அடி அடித்தாலும் பந்து திரும்பி வந்துவிடும். திரும்பி வருகிற பந்து எங்கே வரும்? இடது பக்கம்தான் வரும்!

சரத் கமலின் பலவீனம் அந்த இடது பக்கம்தான். இளம் வயதில் அவர் அதை ஓட்டத்தால் மறைத்தார். இடப்பக்கம் வருகிற பந்தையும் ஓடிப்போய்ச் சுற்றி நின்று வலப்பக்க அடியாகவே அடித்துவிடுவார். 25 வயதில் அது முடியும். 32 வயதில் கால் சொன்னபடி கேட்குமா?

இந்த இடத்தில்தான் பல பேர் மட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள். இந்திய சாம்பியன் பட்டம் இருக்கிறது, எண்ணெய் கம்பெனியில் உத்தியோகம் இருக்கிறது, போதும் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

சரத் கமல் உட்காரவில்லை. புறங்கை அடியைப் பாலர் வகுப்புப் பையன் மாதிரி மறுபடி படித்தார். மேஜையை விட்டுத் தள்ளி நின்று ஆடிய பழக்கத்தைக் குறைத்துக்கொண்டார். முன்னால் வந்து, பந்து எழும்புகிறபோதே புறங்கையால் தட்டிவிடப் பழகினார். சர்வீசிலும் தந்திரம் சேர்த்தார்.

பலன் என்ன? 2018-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. 1958-ல் இருந்து அங்கே மேஜைப் பந்து நடக்கிறது. 60 வருஷமாக இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் இல்லை. அந்த ஆண்டு இரண்டு வெண்கலம் கிடைத்தது. ஆண்கள் கோஷ்டிக்கு ஒன்று. மாணிக்கா பத்ராவோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் ஒன்று. இரண்டிலும் சரத் கமல் இருந்தார். அப்போது அவருக்கு வயது 36.

தோல்வியில் ஒரு பெருமை

அவர் ஆடியதிலேயே எனக்குப் பிடித்த ஆட்டம் ஒன்று உண்டு. அது அவர் தோற்ற ஆட்டம்!

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக். இரண்டாவது சுற்றில் போர்ச்சுகல் வீரர் அபொலோனியாவோடு மோதினார். முதல் செட்டில் 2-11 என்று படுதோல்வி. டெலிவிஷனை அணைத்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் கடைசியில் ஆட்டத்தை 4-2 என்று ஜெயித்துவிட்டார்.

அடுத்த சுற்றில் எதிரே வந்தவர் சீனாவின் மா லாங். ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அந்த விளையாட்டில் அவருக்கு நிகர் அவரே என்று உலகமே சொல்கிறது.

முதல் செட் மா லாங்குக்கு. இரண்டாவது செட்டைச் சரத் கமல் 11-8 என்று பறித்தார். மூன்றாவது செட்டில் இருவரும் விடவில்லை. 10-10, 11-11 என்று போயிற்று. மா லாங் முகத்தில் சிரிப்பு இல்லை. கடைசியில் 13-11 என்று அவர் தப்பித்தார். அதற்குப் பிறகு மா லாங் இரண்டு செட்டையும் சுலபமாக எடுத்துக்கொண்டார். 4-1.

ஆனாலும் 39 வயதில், மாறிய பந்தோடு, கற்றுக்கொண்ட புறங்கையோடு, உலகத்தின் முதல்தர ஆட்டக்காரரை மூன்றாவது செட் வரை யோசிக்க வைத்தாரே! அந்த மூன்று செட்டையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு வருஷம் போயிற்று. 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டு. வயது 40.

கோஷ்டி இறுதிப் போட்டியில் சிங்கப்பூர் வீரர் ஒருவரிடம் சரத் கமல் தோற்றார். கூட ஆடிய இளைஞர்கள் ஜெயித்துத் தங்கத்தைக் கொண்டுவந்தார்கள். "வயசாகிவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்! அடுத்த சில நாட்களில் ஸ்ரீஜா ஆகுலாவோடு சேர்ந்து கலப்பு இரட்டையரில் தங்கம். சத்தியனோடு இரட்டையரில் வெள்ளி. கடைசியில் ஒற்றையர் இறுதிப் போட்டி. எதிரி இங்கிலாந்தின் லியாம் பிட்ச்போர்டு. முதல் செட் போயிற்று. பிறகு நான்கு செட்டையும் வரிசையாகச் சரத் கமல் எடுத்தார்.

மெல்போர்னில் வாங்கிய ஒற்றையர் தங்கத்துக்கும் இதற்கும் இடையில் 16 ஆண்டு! முதல் தங்கம் வாங்கியபோது ஸ்ரீஜா பள்ளிக்கூடம் போகும் சிறுமி.

சின்ன ஊர், பெரிய சங்கம்

இவ்வளவையும் அவர் தனியாகச் சாதித்தாரா? இல்லை.

சென்னையில் ஆள் பற்றாமல் போனதும் ஐரோப்பாவுக்குப் போனார். ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் சங்கங்களுக்காக ஆடினார். ஜெர்மனியில் பெயர்போன டுசல்டார்ப் சங்கத்துக்காகவும் ஆடியிருக்கிறார்.

அங்கே ஊருக்கு ஊர் மேஜைப் பந்துச் சங்கம் உண்டு. பெரிய சங்கங்கள் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும். காலையில் பயிற்சி. மாலையில் பயிற்சி. வார முடிவில் பந்தயம். ஒவ்வொரு நாளும் தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவனுடைய பந்தைத் திருப்பி அடிக்கவேண்டும். கை தேறாமல் என்ன செய்யும்?

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஜெர்மனியில் ஓக்சன்ஹாசன் என்று ஒரு ஊர். ஜனத்தொகை சுமார் 9 ஆயிரம். நம் ராசிபுரத்தைவிட மிகச் சின்ன ஊர். அந்த ஊர்ச் சங்கம் 2019-ல் ஜெர்மனி நாட்டுக்கே சாம்பியன் ஆயிற்று! பிரேசிலில் பிறந்த ஹூகோ கால்டெரானோ அந்த ஊரில் பயிற்சி எடுத்து உலக வீரர் ஆனார்.

9 ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு அது முடிகிறது. லாரிக்குப் பாடி கட்டி நாட்டுக்கே அனுப்புகிற நாமக்கல்லுக்கு முடியாதா? உருக்காலை இருக்கிற சேலத்துக்கு முடியாதா?

படிப்பு கெட்டுப் போகுமா?

இங்கேதான் தகப்பனார்கள் குறுக்கே வருவார்கள்.

"ஐயா, அதெல்லாம் சரி. படிப்பு என்ன ஆகும்?"

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். நாமக்கல் என்றாலே முட்டை, லாரி, பள்ளிக்கூடம் என்று மூன்றைச் சொல்கிறார்கள். பிளஸ் 2 பரீட்சையில் மாநிலத்தில் முதல் இடம் யாருக்கு என்று ஒரு காலத்தில் நம் பக்கம்தான் எல்லோரும் பார்ப்பார்கள். 2017-ல் சர்க்கார் அந்த வரிசைப் பட்டியலை நிறுத்திவிட்டது. ஆனால் பெற்றோர் மனத்தில் இருக்கிற பட்டியலை யாரும் நிறுத்த முடியவில்லை. பிளஸ் 2 போனால் நீட் வந்துவிட்டது. பையன் விடிகாலையில் எழுந்து புத்தகத்தோடு உட்காருகிறான். ராத்திரி வரை அதே பெஞ்சு.

கடன் வாங்கிப் பணம் கட்டிய தகப்பனாரின் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு ஏக்கரை விற்றுப் பிள்ளையை விடுதியில் சேர்த்தவருக்கு அது விளையாட்டுக் காரியம் அல்ல.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சரத் கமல் லயோலா காலேஜில் படித்தவர். சத்தியன் என்ஜினீயரிங் பட்டதாரி. பட்டம் வாங்கிக்கொண்டே ஆடி 2019-ல் உலக வரிசையில் 24-வது இடத்துக்கு வந்தார். அதற்கு முன் இந்தியர் எவரும் முதல் 25-க்குள் வந்ததில்லை. இரண்டு பேருக்கும் எண்ணெய் கம்பெனிகளில் உத்தியோகம் கிடைத்தது. சர்க்கார் கம்பெனி உத்தியோகம்! நம் ஊர்த் தகப்பனார் பிள்ளைக்கு எதைக் கனவு காண்கிறாரோ அதுதான்.

எல்லோருக்கும் அது கிடைக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நூறு பேர் ஆடினால் ஒருவர்கூடச் சரத் கமல் ஆகப்போவதில்லை. ஆயிரம் பேர் ஆடினாலும் நிச்சயம் இல்லை. நீட் எழுதுகிற எல்லோரும் டாக்டர் ஆகிறார்களா, என்ன?

மற்ற 99 பேருக்கும் ஒரு லாபம் உண்டு. 11 புள்ளி ஆட்டத்தில் ஒரு செட் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஒரு பையன் பல தடவை தோற்கலாம், பல தடவை ஜெயிக்கலாம். தோற்றவன் எதிரிக்குக் கை கொடுத்துவிட்டு அடுத்த செட்டுக்கு நிற்கவேண்டும். மார்க் குறைந்ததும் முகத்தை மூடிக்கொள்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! ஒரு தோல்வியோடு உலகம் முடிந்துபோகிறது என்று நினைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு இப்படித் தோற்றுப் பழக ஒரு இடம் வேண்டாமா?

பெண் பிள்ளைகளுக்கும் இது நல்ல ஆட்டம். வெயில் இல்லை. கூரைக்குக் கீழே ஆடலாம். உயரமும் பலமும்தான் எல்லாம் என்று இல்லை.

"காயம் பட்டால்?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சென்னை சந்திரசேகர் 3 தடவை இந்திய சாம்பியன். 1984-ல் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அதில் ஏற்பட்ட கோளாறால் நினைவும் பார்வையும் கெட்டு உயிருக்கே ஆபத்து வந்தது. வழக்குப் போட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நஷ்ட ஈடு கிடைத்தது. நடக்கவே கஷ்டப்பட்ட மனிதர் மறுபடியும் மட்டையைப் பிடித்தார். பிறகு பயிற்சியாளர் ஆகி எத்தனையோ பிள்ளைகளுக்கு எதிரே நின்று பந்து போட்டார். 2021-ல் கொரோனாவில் அவர் இறந்தபோது, அவரிடம் பழகியவர்கள் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சென்னையின் பலம் இதுதான். ஒருவர் ஆடி முடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. மேஜையின் அந்தப் பக்கத்துக்குப் போய் நிற்கிறார். ராமன் ஆடினார். பிறகு அவர் சத்தியனுக்குக் குரு ஆனார். சத்தியன் வளர்ந்து 2021-ல் இந்திய சாம்பியன் பட்டத்தைச் சரத் கமலிடம் இருந்தே பறித்தார். மறு வருஷம் சரத் கமல் அதைச் சத்தியனிடம் இருந்து திரும்ப வாங்கினார். இருவரும் ஜோடி சேர்ந்தும் ஆடியவர்கள். ஒருவரை ஒருவர் தேய்த்துத் தேய்த்தே இருவரும் கூர்மையானார்கள்.

மேஜைமேல் பேப்பர் கட்டு

நம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். பெரிய கட்டடம். மாடியில் ஒரு ஹாலில் இரண்டு மேஜைப் பந்து மேஜைகள் இருந்தன. நல்ல மேஜைகள்தான். ஒன்றின் மேல் விடைத்தாள் கட்டுகள் அடுக்கி இருந்தன. மற்றொன்று மடித்துச் சுவரோரம் நின்றது. வலை இல்லை. "ஆண்டு விழாவுக்கு எடுப்போம்" என்றார்கள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்களிடம் காட்ட வாங்கிய மேஜை அது. அந்த ஒரு பள்ளிக்கூடம் மட்டுமே அப்படி என்று நான் நினைக்கவில்லை.

மேஜை வாங்கப் பணம் இல்லை என்று நம் பள்ளிக்கூட முதலாளிகள் சொல்லமாட்டார்கள். ஒரு பள்ளிக்கூட பஸ்ஸின் விலைக்கு எத்தனை மேஜை வரும் என்று நாமக்கல் பட்டறையில் யாரைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். குறை பணத்தில் இல்லை. சாயங்காலம் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை.

சர்க்கார் பள்ளிக்கூடங்களில் நிலைமை வேறு. அங்கே ஹாலும் இல்லாமல் இருக்கலாம். அந்த ஊர்களில் கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாளில் அவை பூட்டிக் கிடக்கின்றன. ஆடி மாதமும் மார்கழி மாதமும் முழுவதும் பூட்டுத்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டால் மேஜைப் பந்துக்கு அதைவிட நல்ல இடம் எது? மூன்று கிராம் பந்துக்குக் காற்றுத்தான் எதிரி.

கெட்டிக்காரப் பையன் ஒருவன் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளம்பினால் ஆறு மாதத்தில் அங்கே எல்லோரையும் ஜெயித்துவிடுவான். பிறகு யாரோடு ஆடுவான்? சுவரோடா? சலித்துப் போய் விட்டுவிடுவான். நம் ஊர்க் கை இப்படித்தான் மழுங்குகிறது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவனைப் போல இன்னொருவன் இருப்பான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்த்தால்கூட எந்தப் பள்ளி எவ்வளவு மார்க் என்ற பேச்சுத்தான் நடக்கும்.

சரத் கமல் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சிந்துவோடு சேர்ந்து தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு போனார். 2025 மார்ச் மாதம் சென்னையில் தன் கடைசிப் பந்தயத்தை ஆடி முடித்தார். அவரைத் தோற்கடித்தவர் சினேகித் என்ற இந்திய இளைஞர். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர் நம் நாட்டுப் பிள்ளை! அதைவிட அவருக்கு என்ன வழியனுப்பு வேண்டும்?

நம் பக்கத்துக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நாமக்கல்லில் ஒரு பள்ளி, ராசிபுரத்தில் ஒன்று, திருச்செங்கோட்டில் ஒன்று, சங்ககிரியில் ஒன்று, சேலத்தில் இரண்டு. இந்த ஆறு பள்ளிகளும் பேசி வைத்துக்கொள்ளட்டும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, முறை வைத்து ஒவ்வொரு ஊரில் பந்தயம். பள்ளிக்கூட பஸ் சும்மாதானே நிற்கிறது! கோப்பை வேண்டாம். மாலை வேண்டாம். தலைமை தாங்க ஒரு பிரமுகரும் வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டை முடித்து 2 மணிக்கு ஆரம்பித்தால் 5 மணிக்குள் ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக நாலைந்து பேரோடு ஆடிவிடலாம். எல்லாம் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிற ஊர்கள். பொழுது சாய்ந்து சற்று நேரத்தில் வீட்டுக்கோ விடுதிக்கோ வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டுக்கு வேண்டிய நேரம் அதற்குப் பிறகும் இருக்கும்.